மீளழைக்கப்பட்ட வாகனத்தால் காயமடைந்தவருக்கு இலங்கையில் உள்ள சட்ட வழிகள்

கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் வசிக்கும் ஒருவருடைய அண்ணா, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒன்றை லீசிங்கில் வாங்கி ஓட்டி வந்திருக்கிறார். காலி வீதியில் முன்னால் நின்ற வாகனத்தோடு மிகக் குறைந்த வேகத்தில் மோதியபோது எயார்பேக் வெடித்து, அதிலிருந்து பாய்ந்த உலோகத் துண்டு கழுத்தைக் கிழித்து வலது கண்ணையும் பாதித்திருக்கிறது. அந்த வகைக் கார்கள் எயார்பேக் குறைபாட்டுக்காக ஜப்பானில் ஏற்கெனவே மீளழைக்கப்பட்டவை, அதாவது பழுதைத் திருத்துவதற்காகத் தயாரிப்பாளரால் திரும்ப அழைக்கப்பட்டவை என்பது விபத்துக்குப் பிறகுதான் குடும்பத்துக்குத் தெரிய வந்தது. இப்போது காப்புறுதிக் கம்பனி காரை முழு நட்டமாகக் கணித்து, அதைக் கையளித்துவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்கிறது. லீசிங் கம்பனி தவணையைக் கேட்கிறது. காரை இறக்குமதி செய்து விற்றவர் தாம் அதைத் தயாரிக்கவில்லை என்று சொல்லி ஒதுங்குகிறார். அமெரிக்கச் சட்ட நிறுவனங்களின் விளம்பரங்களையும் கேள்வி கேட்ட தம்பி இணையத்தில் பார்த்திருக்கிறார். யார் மீது, எந்த நீதிமன்றத்தில், எதைக் கேட்கலாம் என்பதுதான் அவருடைய கேள்வி.

யார் மீது வழக்கு என்பதை ஆராயும் முன் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும்: அந்தக் காரை எவரிடமும் கையளிக்க வேண்டாம். இந்த வழக்கின் முதன்மையான சாட்சி அந்தக் கார்தான். காப்புறுதிக் கம்பனியிடம் போகும் முழு நட்ட வாகனம் பெரும்பாலும் உதிரிப்பாகத்துக்காக விற்கப்பட்டுவிடும். வெடித்த எயார்பேக்கின் உலோகக் கூடு ஒருமுறை கைமாறிப் போனால், அதன் பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் இந்த வழக்கை நிலைநிறுத்துவது மிகக் கடினம். ஆகவே காப்புறுதிக் கம்பனிக்கும் லீசிங் கம்பனிக்கும், கார் கராஜில் நின்றால் அதன் உரிமையாளருக்கும், வாகனம் நீதிமன்றச் சாட்சியமாகத் தேவைப்படுவதால் அதை விற்கவோ கழற்றவோ திருத்தவோ கூடாது என்று இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். லீசிங் முடியும்வரை சட்டப்படி வாகனத்தின் உரிமையாளர் அந்தக் கம்பனிதான் என்பதால் அதனுடைய எழுத்து மூலமான சம்மதம் மிகவும் பெறுமதியானது. அவர்கள் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை உத்தரவு கேட்பதற்கு அந்தக் கடிதமே அடிப்படையாகும். காரை மழை படாத இடத்தில் வைத்து, திசைமாற்றியையும் எயார்பேக் துணியையும் இருக்கையில் சிதறிக் கிடக்கும் துண்டுகளையும் தொடாமல் படமெடுங்கள். விபத்தன்று அண்ணா அணிந்திருந்த உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் இட்டு வையுங்கள். சத்திரசிகிச்சையில் எடுக்கப்பட்ட உலோகத் துண்டு எங்கே இருக்கிறது என்பதை வைத்தியசாலையிடம் எழுத்தில் கேளுங்கள்.

காப்புறுதிப் பணத்தைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் அதற்காகக் கையொப்பமிடும் பத்திரத்தில் இந்த விபத்திலிருந்து எழும் சகல கோரிக்கைகளும் முற்றாகத் தீர்ந்தன என்ற வாசகம் இருக்கக்கூடும். கார் விற்பனையாளர் நல்லெண்ணமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னாலும் அதே வாசகம் வரக்கூடும். சட்டத்தரணி ஒருவர் வாசிக்கும்வரை அப்படியான எதிலும் கையொப்பமிட வேண்டாம்.

சாட்சியத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நமது சட்டத்தின் நிலை. குறைபாடுள்ள பொருள் காயம் விளைவித்தால், கவனயீனத்தை நிரூபிக்காமலே தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. வாகன மீளழைப்பைக் கட்டாயப்படுத்தி ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டமும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 2018 இல் அரசே, இதே வகைப் பழுதால் பெயர் கெட்ட டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எயார்பேக் கொண்ட வாகனங்களுக்குக் கட்டாய மீளழைப்பைப் பிறப்பித்தது. ஜப்பானில் அதே ஆண்டு மே மாதம் முதல், ஆபத்துக் கூடிய எயார்பேக்கை மாற்றாத வாகனங்களுக்குப் பரிசோதனைச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. இங்கே நமக்கு இருப்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த தீங்கியல் பொறுப்பு, அதாவது பிறருக்கு விளைவித்த தீங்குக்கு நட்டஈடு செலுத்தும் பொறுப்பு. எதிராளி நியாயமான கவனத்தோடு நடக்கவில்லை என்பதையும், அந்தக் கவனயீனமே காயத்துக்குக் காரணம் என்பதையும் வழக்காளியே காட்ட வேண்டும். இதை நான் ஒரு பெரும் குறையாகவே கருதுகிறேன். இந்த நாட்டு வீதிகளில் ஓடும் கார்களில் பெரும் பங்கு பிற நாட்டில் பயன்படுத்தப்பட்டு இங்கே வந்தவை. அவற்றை வாங்குபவருக்குத் தயாரிப்பாளரோடு எந்த நேரடித் தொடர்பும் இருப்பதில்லை. மீளழைப்பு அறிவித்தல் தபாலில் போவது ஜப்பானிலுள்ள பழைய உரிமையாளரின் முகவரிக்கு.

மீளழைப்பு அறிவித்தல் ஒன்று இருப்பதால் வழக்கு வென்றதாகிவிடாது. அந்த வகைக் கார்களில் குறைபாடு இருக்கக்கூடும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. உங்கள் அண்ணாவின் கார் அந்த வரிசையில் அடங்குகிறதா, ஜப்பானிலேயே பாகம் மாற்றப்பட்டுவிட்டதா, காயம் அந்தப் பாகத்தால்தான் ஏற்பட்டதா என்ற மூன்றையும் தனித்தனியே நிறுவ வேண்டும். முதல் இரண்டுக்கும் செசி இலக்கம் (காரின் சட்டகத்தில் பொறிக்கப்பட்ட அடையாள இலக்கம்) போதும். ஜப்பானின் பெரிய தயாரிப்பாளர்கள் தமது ஜப்பானிய இணையத்தளங்களில் செசி இலக்கத்தை இட்டு மீளழைப்பைப் பார்க்கும் வசதியை வைத்திருக்கிறார்கள். திருத்தம் செய்யப்பட்டதா என்பதும் பெரும்பாலும் தெரியும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்களின் இலக்கம் பதினேழு எழுத்து கொண்டதல்ல என்பதால் அமெரிக்கத் தளங்களில் தேடினால் எதுவும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதை மீளழைப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தைத் திகதியோடு அச்சிட்டு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் மொழிபெயர்ப்புப் பெறுங்கள்.

மூன்றாவதை நிறுவ, எயார்பேக் எப்படிப் பழுதாகிறது என்பதை அறிந்திருப்பது உதவும். டகாட்டா நிறுவனம் எயார்பேக்கை ஊதச் செய்யும் வெடிபொருளாக அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதனும் மாறி மாறித் தாக்கும்போது அந்த வெடிபொருள் காலப்போக்கில் சிதைந்து, தேவைக்கு மேலான வேகத்தில் எரிகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் உலோகக் கூடு உடைந்து துண்டுகளாகப் பாய்கிறது. அமெரிக்காவிலும் புளோரிடா, ஹவாய் போன்ற ஈரப்பதன் கூடிய இடங்களுக்குத்தான் மீளழைப்பில் முன்னுரிமை தரப்பட்டது. வருடம் முழுவதும் சூடும் ஈரமுமான கொழும்பு எந்த வகையில் பார்த்தாலும் ஆபத்துக் கூடிய இடம். மோதலின் வேகத்துக்கும் காயத்தின் கடுமைக்கும் பொருத்தமே இல்லாமல் இருப்பது இந்தக் குறைபாட்டின் அடையாளம். 2014 இல் புளோரிடாவில் ஒரு பெண்ணின் கழுத்துக் காயங்களைப் பார்த்த பொலிஸார் அதை முதலில் கொலையாக விசாரித்தனர். ஆகவே சட்ட வைத்திய அதிகாரியிடம் உலோகத் துண்டைப் பற்றியும் எயார்பேக்கைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கழுத்தில் வெட்டுக் காயம் என்று மட்டும் எழுதப்பட்ட சட்ட வைத்திய அறிக்கை பின்னர் நீதிமன்றத்தில் மிகக் குறைவாகவே பயன்படும். காயத்தின் திசை, ஆழம், உள்ளே இருந்த பொருள் ஆகியவையும் பதிவாக வேண்டும். பொலிஸ் வழியாக மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை கிடைத்தாலும், அது பிரேக், டயர் போன்றவற்றையே பெரும்பாலும் பார்க்கும் என்பதால், தனியாக ஒரு இயந்திரப் பொறியியலாளரின் ஆய்வறிக்கை தேவைப்படும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் அத்தகைய நிபுணரை விசாரித்துப் பார்க்கலாம். ஆய்வுக்கு முன் எதிர்த் தரப்புக்கும் அறிவித்து, அவர்களுடைய பிரதிநிதி முன்னிலையிலேயே பாகத்தைக் கழற்றுவது நல்லது. இல்லாவிட்டால் நீங்களே கலைத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

பொலிஸ் வாக்குமூலம் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் தமிழ் பேசும் பலர் தாம் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டதை முழுதாக விளங்கிக்கொள்ளாமலே கையொப்பமிட்டுவிட்டு வருகிறார்கள். அதில் முன்னால் நின்ற வாகனத்தை இடித்தேன் என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், எயார்பேக் வெடித்த கதையே பதிவில் இல்லாமல் போகும். அரசியலமைப்பின் மொழி பற்றிய அத்தியாயத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் நடத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. வாக்குமூலம் குறைவாக இருந்தால், மேலதிக வாக்குமூலம் ஒன்றைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள்.

இப்போது யார் மீது என்ற கேள்விக்கு வருவோம். என் கருத்தில் முதல் எதிராளி காரை இறக்குமதி செய்து விற்றவர்தான். தாம் தயாரிக்கவில்லை என்பது அவருக்கு முழுமையான பதிலாகாது. இதில் மூன்று திகதிகள் முக்கியம்: ஜப்பானில் மீளழைப்பு அறிவிக்கப்பட்ட திகதி, கார் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த திகதி, அண்ணாவுக்கு விற்கப்பட்ட திகதி. மீளழைப்பு முதலில் வந்து, அதன் பிறகே கார் இறக்குமதியாகியிருந்தால், வாகன இறக்குமதியையே தொழிலாகக் கொண்ட ஒருவர், செசி இலக்கத்தை இட்டுச் சில நிமிடங்களில் அறிந்திருக்கக்கூடிய ஆபத்தைப் பாராமல் விற்றார் என்று வாதிடலாம். அது வலுவான வாதம். விற்ற பிறகே மீளழைப்பு வந்திருந்தால், அந்த வாதம் வெகுவாகத் தளர்ந்து, தயாரிப்பாளரின் பக்கமே பொறுப்பு நகரும். இந்தத் திகதிகளைக் காட்டும் ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழ், ஏற்றுமதிக்கு முன்னான பரிசோதனைச் சான்றிதழ், ஒக்ஷன் ஷீட் (ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைக் குறித்த தாள்), சுங்கப் பத்திரங்கள் ஆகியவற்றின் பிரதிகளைச் சேகரியுங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் போன்ற அரச நிறுவனங்களிடம் உள்ளவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கோரிக்கை மீது பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும்.

விற்பனையாளர் மீது ஒப்பந்த வழியும் உண்டு. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அந்த வகைப் பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உள்ளடக்குகிறது. இந்த வழியில் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்பது பெரிய அனுகூலம். பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தனியாள் ஒருவரிடம் வாங்கிய காருக்கு இது பொருந்தாது. பற்றுச்சீட்டில் உள்ளபடியே விற்கப்பட்டது, பிறகு எந்தப் பொறுப்பும் ஏற்கப்படாது என்று அச்சிட்டிருந்தாலும் மனம் தளர வேண்டாம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டத்தின்படி, கவனயீனத்தால் மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால் அதற்கான பொறுப்பை அத்தகைய வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது. லீசிங்கில் வாங்கியதால் விற்பனை ஒப்பந்தம் லீசிங் கம்பனியின் பெயரில் இருக்கும் என்பது ஒரு சிக்கல்தான். 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வழங்குநருக்கு (இங்கே விற்பனையாளருக்கு) எதிராகக் குத்தகைக்காரருக்கு (இங்கே அண்ணாவுக்கு) உள்ள உரிமையையும், உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் சேர்த்து சட்டத்தரணி பார்க்க வேண்டும். அண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்த பயணி காயமடைந்திருந்தால், அவருக்கு ஒப்பந்தமே இல்லை. தீங்கியல் வழி ஒன்றுதான்.

தயாரிப்பாளரின் உள்ளூர் முகவரை எதிராளியாகச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் இந்தக் காரை விற்கவுமில்லை, இறக்குமதி செய்யவுமில்லை. ஆனால் இதே வகைக் காரை விபத்துக்கு முன் யாராவது அவரிடம் கொண்டு சென்று எயார்பேக் பற்றிக் கேட்டிருந்து, தவறான பதில் கிடைத்திருந்தால் நிலைமை வேறு.

அண்ணா முன்னால் நின்ற வாகனத்தை இடித்தவர் என்பதால் எல்லாம் போய்விட்டது என்று குடும்பம் அஞ்சுவதாகத் தெரிகிறது. கூட்டுக் கவனயீனம் பற்றிய 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காயமடைந்தவரிடமும் தவறு இருந்தால் நட்டஈடு அந்தத் தவறின் அளவுக்குக் குறைக்கப்படுமே தவிர, முற்றாக மறுக்கப்படாது. மெல்லிய மோதலில் உயிரைக் காப்பதற்கென்றே பொருத்தப்பட்ட சாதனமே கண்ணைப் பாதித்தது என்பதே வழக்கின் மையம். மோதல்கள் நடக்கும் என்பதை எதிர்பார்த்துத்தானே எயார்பேக்கே செய்யப்படுகிறது!

கால எல்லையில் பலர் வழக்கை இழக்கிறார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி தீங்கியல் வழக்குக்கு இரண்டு ஆண்டுகளே உண்டு. விபத்து நாளிலிருந்தே அது ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள், மீளழைப்பைப் பின்னர் அறிந்தேன் என்ற வாதத்தை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். எழுத்து மூலமான ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்குக்கு ஆறு ஆண்டுகள். ஆனால் அது கார் விற்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படக்கூடும். விற்பனையாளரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது, அவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார் என்பதெல்லாம் காலத்தை நிறுத்தாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவதைப் பலரும் முதல் யோசனையாகச் சொல்வார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நட்டஈடோ மாற்றுப் பொருளோ பணமோ தருமாறு கட்டளையிடும் அதிகாரத்தை அதற்கு வழங்கியிருப்பது உண்மை. ஆனால் முறைப்பாடு விற்பனையிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். வாங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் வெடிக்கும் எயார்பேக்குக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். அதே விற்பனையாளர் அதே வகைக் கார்களை இன்னும் விற்கிறார் என்றால், மற்றவர்களுக்காக 1977 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். அண்ணாவின் நட்டஈட்டுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

கேட்கக்கூடிய நட்டஈட்டில், ஏற்பட்ட வைத்தியச் செலவு, இனி வரப்போகும் சிகிச்சைச் செலவு, இழந்த வருமானம், ஒரு கண்ணின் பார்வை குன்றியதால் இனி இழக்கப்போகும் உழைப்பாற்றல், வலியும் வேதனையும் ஆகியவை அடங்கும். வருமானத்தை வங்கிக் கணக்காலோ சம்பளத் தாளாலோ வரிப் பத்திரத்தாலோ காட்ட வேண்டும். தொழில் செய்பவர்கள் கணக்கு வைக்காததால் இந்த இடத்தில் பெருமளவு இழப்பதை அடிக்கடி காண்கிறோம். இதே நிலையில் உயிரிழந்த ஒருவரின் குடும்பத்தினர் இதை வாசித்தால், அவர்கள் ஒருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடுவது பற்றிய 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தைச் சட்டத்தரணியிடம் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு முன் உழைப்பவரின் ஆதரவை இழந்ததற்கே நட்டஈடு கிடைத்தது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்குச் சட்டத்தில் பெறுமதியே இருக்கவில்லை. வேறொருவரின் காரை ஓட்டும் சம்பளச் சாரதிக்கு, வேலை நேரத்தில் காயமடைந்திருந்தால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில் கொள்வோரிடமிருந்து, எவருடைய தவறையும் நிரூபிக்காமலே, ஒரு தொகை பெறும் வழி உண்டு.

ஜப்பானிலுள்ள தயாரிப்பாளர் மீது வழக்கிடலாமா? 1995 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஜப்பானின் உற்பத்திப் பொறுப்புச் சட்டத்தில் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. குறைபாட்டையும் அதனால் விளைந்த காயத்தையும் காட்டினால் போதும். ஆனால் தயாரிப்பாளர் பொருளை முதன்முதலில் கையளித்து பத்து ஆண்டுகள் கடந்தால் அந்த உரிமை பொதுவாக அற்றுப்போகிறது. காயம் பட்ட நாளிலிருந்தல்ல, கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதால், நம் வீதிகளில் ஓடும் 2013, 2014 மொடல்களுக்கு அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஜப்பானிய நீதிமன்றத்தின் செலவு ஒருபுறமிருக்க, அண்ணாவின் கார் எந்த மாதம் தயாரானது என்பதை அறிந்த பிறகே இந்த யோசனையைத் தொடர்வது பொருத்தம்.

அமெரிக்க விளம்பரங்களைப் பற்றி நேராகவே சொல்கிறேன். டகாட்டா நிறுவனம் 2017 இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது விதிக்கப்பட்ட நூறு கோடி டொலரில் 12.5 கோடி டொலர் காயமடைந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அந்த நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அமெரிக்கக் கார்க் கம்பனியான ஜெனரல் மோட்டர்ஸ், எரியூட்டல் ஆளிக் (சாவி போட்டுத் திருப்பும் இக்னிஷன் சுவிட்ச்) குறைபாட்டுக்காக 2014 இல் அமைத்த நிதியம் 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றது. அவை உண்மையான ஏற்பாடுகள். ஆனால் குறித்த வாகனங்களுக்கும் குறித்த காலத்துக்கும் கட்டுப்பட்டவை. ஜப்பானில் செய்யப்பட்டு, கொழும்பில் விற்கப்பட்டு, காலி வீதியில் வெடித்த ஒரு காருக்காக அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கிட்டால், வழக்கை நடத்தப் பொருத்தமான இடம் இதுவல்ல என்று அது ஏற்க மறுக்கக்கூடும். அந்தப் படிவங்களில் அண்ணாவின் வைத்திய விபரங்களை நிரப்புவதையும் கட்டணம் செலுத்துவதையும் தவிருங்கள்.

சட்டத்தரணியைத் தெரிவு செய்யும்போது, மாவட்ட நீதிமன்றத்தில் தீங்கியல் நட்டஈட்டு வழக்குகளை நடத்தியவரா என்று கேளுங்கள். காப்புறுதிக் கம்பனிக்காக வழமையாகத் தோன்றுபவரைத் தவிருங்கள். வருமானம் குறைந்தவர்கள் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். முதல் சந்திப்புக்கே பதிவுப் புத்தகம், லீசிங் ஒப்பந்தம், விற்பனைப் பற்றுச்சீட்டு, டயக்னோசிஸ் கார்ட், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மீளழைப்புப் பக்கத்தின் அச்சு ஆகியவற்றைக் கொண்டு போனால், அவர் அன்றே கோரிக்கைக் கடிதத்தைத் தயாரிக்கத் தொடங்க முடியும்.

கடைசியாக, லீசிங் தவணை. கார் ஓடாமல் நிற்பதால் தவணை நின்றுவிடுவதில்லை. நிறுத்தினால் கம்பனி வாகனத்தை மீளக் கைப்பற்றலாம், அத்தோடு முதன்மையான சாட்சியும் கையை விட்டுப் போகும். முடிந்தவரை கட்டுங்கள். முடியாவிட்டால் வைத்திய அறிக்கையை இணைத்துத் தவணையை ஒத்திவைக்குமாறு எழுத்தில் கேளுங்கள். விபத்துக்குப் பின் செலுத்திய ஒவ்வொரு தவணையின் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். விற்பனையாளரிடம் கோரும் நட்டத்தில் அந்தத் தொகையையும் சேர்க்க முடியுமா என்பது சட்டத்தரணி உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்த பின் சொல்ல வேண்டியது.